வடக்கு ஆந்தைங்க இந்த வருஷம் கீழ இறங்கியிருக்காமே, எங்க போய்த் தேடுறது?

மிசிசாகா_மைனா

எல்லாருக்கும் வணக்கம். பறவை பாக்க ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகல, கோடைல லேக் ஓரமா நடந்து வார்ப்ளர், வாத்துன்னு பாத்து லிஸ்ட் கொஞ்சம் ஏறியிருக்கு, இப்ப பனி விழுந்ததும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கப் பிடிக்கல. இந்த வருஷம் வடக்குலருந்து ஆந்தைங்க நிறைய தெற்குப் பக்கம் வந்திருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், இர்ரப்ஷன்னு ஏதோ பேர் சொன்னார். கிரேட் கிரே, ஹாக் அவுல், ஸ்நோயி மூணையும் பாத்தே ஆகணும்னு ஒரு வெறி வந்துடுச்சு.

ஆனா எங்க இருக்குன்னு ஒருத்தரும் வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. பறவை பாக்கறவங்க பதிவு பண்ற இ-பேர்ட் சைட்ல தேடினா சில ஆந்தைக்கு ஒரு பெரிய சதுரக் கட்டம்தான் வருது, எந்த ரோடு எந்த வயல்னு ஒண்ணும் தெரியல. ஃபேஸ்புக் குரூப்ல கேட்டேன், கொஞ்ச நேரத்துல போஸ்ட்டையே தூக்கிட்டாங்க, என்னமோ கொலைக்குத்தம் பண்ண மாதிரி. டொரொண்டோ பக்கத்துல மிசிசாகாலருந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி எங்கயாவது இருக்கா? கைல 8x42 பைனாகுலர் இருக்கு, ஸ்கோப் இல்ல. பையனும் வருவான், 9 வயசு, ரொம்ப நேரம் சும்மா உக்கார மாட்டான். அப்புறம் இதுங்க சாப்பாடு கிடைக்காம பட்டினில சாகறதுக்குத்தான் இங்க வருதுன்னு படிச்சேன், நெஜமா? அப்படின்னா போய்ப் பாக்கறதே பாவமோன்னு இருக்கு.

கிங்ஸ்டன்ரோடு

வணக்கம். போஸ்டைத் தூக்கினதுக்குக் கோவிக்காதேங்கோ, அது உங்களுக்காக எண்டு செய்யிற வேலை இல்லை, ஆந்தைக்காகச் செய்யிறது. ஒரு கிரேட் கிரே இன்ன ரோட்டில நிக்குது எண்டு ஒராள் போட்டால் அடுத்த சனிக்கிழமை அந்த ரோடு முழுக்கக் கார். பாதிச் சனம் வேலி தாண்டி கமக்காரன்ட காணிக்குள்ள இறங்கும், அந்த மனுசன் பொலிசைக் கூப்பிடுவார், ஆந்தை எலி பிடிக்கிற நேரம் எல்லாம் சனத்தைப் பாத்துக்கொண்டு நிக்கும். இ-பேர்டும் அதுக்குத்தான் சில ஆந்தையளின்ட இடத்தை 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் கட்டமா மறைச்சுக் காட்டுறது. அந்தக் கட்டத்தை நீங்கள் குறையா எடுக்கவேண்டாம், அந்தக் கட்டத்துக்குள்ள எந்த மாதிரி இடம் எண்டு தெரிஞ்சால் மிச்சத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதல்ல ஸ்நோயியில தொடங்குங்கோ. மரமே இல்லாத துந்திரப் பக்கம் பிறந்து வளந்த பறவை, இஞ்ச வந்தாலும் காட்டைத் தேடாது, வெட்டையைத்தான் தேடும். அறுவடை முடிஞ்ச சோளக் காணி, ஏரிக்கரை, விமான நிலையம். பியர்சன் பக்கம், ரொறன்ரோவில ஏரிக்குள்ள நீட்டிக்கொண்டிருக்கிற லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட் பக்கம் எல்லாம் வந்து நிண்டிருக்கு. 2016 ஜனவரியில மொன்ரியலுக்கு மேற்கால ஹைவே 40இல இருக்கிற ட்ராஃபிக் கமராவுக்கு முன்னால ஒண்டு செட்டையை விரிச்சுப் பறந்து போன படம் உலகம் முழுக்கச் சுத்தினது ஞாபகம் இருக்கோ? அதுக்கு அந்த ஹைவேயும் ஒரு பெரிய வெட்டைதான்.

ஒரு நாள் பயணம் எண்டால் என்ட வாக்கு வுல்ஃப் ஐலண்டுக்கு. கிங்ஸ்டன் வரைக்கும் மூண்டு மணித்தியாலம் வரும், அங்க இருந்து ஃபெரி, காசு இல்லை. தீவு முழுக்கப் புல்வெளியும் வயலும், கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடி எல்லாம் நிக்கும், ஸ்நோயி, ஷார்ட் இயர்ட் ஆந்தை, ரஃப்-லெக்ட் ஹாக் எண்ட பருந்து எல்லாத்துக்கும் பேர்போன இடம். ரஃப்-லெக்ட் ஹாக் நிறைய நிக்கிற வருசம் கீழ வோல் எலி நல்லா இருக்கு எண்டு அர்த்தம், அப்ப ஆந்தையும் நிக்கும். பக்கத்தில ஆம்ஹர்ஸ்ட் ஐலண்ட், அது மில்ஹேவனில இருந்து வேற ஃபெரி, அதுக்குக் காசு. அங்க அவுல் வுட்ஸ் எண்டு பேர் எடுத்த சின்னக் காடு ஒண்டு இருக்கு, சா-வெட், லோங் இயர்ட் ஆந்தையள் எல்லாம் பகலில நித்திரை கொள்ளுற இடம், அது தனியார் காணி, போக முதல் இப்ப உள்ள விடுகினமோ எண்டு வடிவா விசாரிச்சிட்டுப் போங்கோ. என்னைக் கேட்டால் புதுசா வாற ஆக்கள் அந்தக் காட்டுக்குள்ள போகவே தேவையில்லை. பத்தடிக்குள்ள நித்திரை கொள்ளுற ஆந்தையை எழுப்பிவிட்டால் காகமும் ஜே எண்ட பறவையும் சேந்து அதைக் கலைக்கும், பிறகு நாள் முழுக்க அதுக்கு நிம்மதி இல்லை.

டுலூத்_குளிர்

நான் மினசோட்டால இருக்கேன், கிரேட் கிரே எங்க ஊர்ச் சமாச்சாரம், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல பட்டினி விஷயம். மூணு ஆந்தையையும் ஒரே கூடைல போடக் கூடாது. ஸ்நோயி கூட்டமா இறங்கி வர்ற வருஷம் பெரும்பாலும் அதுக்கு முன்னாடி கோடைல ஆர்க்டிக்ல லெம்மிங்கற எலி எக்கச்சக்கமா இருந்த வருஷம். சாப்பாடு நிறைய இருந்தா முட்டை நிறைய, குஞ்சு நிறைய, அந்தக் குஞ்சுங்கதான் குளிர்காலத்துல சிதறி தெற்க வருது. 2013 கோடைல வடக்கு கியூபெக்ல ஒரு ஸ்நோயி கூட்டைப் படம் எடுத்தாங்க, குஞ்சுங்களைச் சுத்தி வளையம் மாதிரி 70 லெம்மிங்கும் 8 வோலும் அடுக்கி வச்சிருந்துச்சு. அந்தக் குளிர்காலம்தான் பல பத்தாண்டுல இல்லாத அளவுக்கு ஸ்நோயி கொட்டுச்சு, ஒண்ணு ஃப்ளோரிடா வரைக்கும், இன்னொண்ணு பெர்முடா வரைக்கும் போச்சு. அப்ப ஆரம்பிச்சதுதான் ப்ராஜெக்ட் ஸ்நோஸ்டார்ம், முதுகுல சோலார் ட்ரான்ஸ்மிட்டர் கட்டி விட்டு செல் டவர் வழியா டேட்டா வாங்கறாங்க. பிடிச்சுப் பாத்ததுல நிறைய பறவை நல்லா கொழுகொழுன்னுதான் இருந்துச்சு. சிலது குளிர்காலம் முழுக்கக் கரைக்கே வராம கிரேட் லேக்ஸ் ஐஸ் மேலயே உக்காந்து, விரிசல் விட்ட தண்ணில இருக்கற வாத்தை ராத்திரில அடிச்சுத் தின்னுட்டு இருந்துச்சுன்னு அந்த டேட்டாலதான் தெரிஞ்சது.

கிரேட் கிரேயும் ஹாக் அவுலும் வேற கதை. அதுங்க வடக்குக் காட்டுல வோலை நம்பி இருக்கறதுங்க, அந்த எலி மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி அப்படியே சரியும், சரிஞ்சா அங்க இருந்து கிளம்பித்தான் ஆகணும். 2004-05 குளிர்காலத்துல மினசோட்டால மட்டும் 5000க்கு மேல கிரேட் கிரே கணக்கு வந்துச்சு, ஹாக் அவுலும், போரியல்னு ஒரு குட்டி ஆந்தையும் நூத்துக்கணக்குல. வயசானவங்க இன்னும் அதைப் பத்திதான் பேசுவாங்க. அந்த வருஷம் செத்த கிரேட் கிரேல நிறைய கார் அடிச்சுச் செத்தது. ரோட்டோரப் புல்லுலதான் எலி நிறைய, அதனால அது ரோட்டோரத்துல வேட்டை ஆடும், தாழப் பறந்து ரோட்டைக் குறுக்க கடக்கும். நீங்க தேடிப் போறப்ப பண்ணக்கூடிய பெரிய புண்ணியம் மெதுவா ஓட்டறதுதான்.

போரியல் மட்டும் நீங்க சொன்ன பட்டினிக் கதைக்கு நெருக்கம். 100லருந்து 200 கிராம்தான் இருக்கும், வழக்கமா ராத்திரிப் பறவை. பட்டப்பகல்ல ரோட்டோரத்துல உக்காந்து வேட்டை ஆடுதுன்னா பசின்னு அர்த்தம், பனி மேல ஓடு மாதிரி இறுகிப் போனா அதால உள்ள இறங்க முடியாது. அதைப் பாத்தா காருக்குள்ளருந்து ஒரு நிமிஷம் பாத்துட்டு நகந்துருங்க.

இப்ப எங்க, எப்படி. சாக்ஸ்-ஸிம் பாக்னு டுலூத்துக்கு வடமேற்கால ஒரு மணி நேரத்துல ஒரு சதுப்புக்காடு இருக்கு, இது ரகசியம் இல்ல, வெல்கம் சென்டர் வச்சு நடத்தறாங்க, அது இருக்கற ரோடு பேரே அவுல் அவென்யூ. ப்ளாக் ஸ்ப்ரூஸ், டாமராக் மரம் நிறைஞ்ச பாக், நடுநடுல வைக்கோல் வயல், ரெண்டும் சேர்ற ஓரம், அந்த ஓரம்தான் முக்கியம். கிரேட் கிரே காட்டுக்குள்ள உக்காந்து வெட்டவெளியப் பாக்கும், விடிஞ்சதும் ஒரு மணி நேரம், இருட்டறதுக்கு முன்னாடி ஒண்ணரை மணி நேரம். மேகம் மூடி மந்தமா இருந்தா பகல் பூரா கூட வேட்டை ஆடும். ஹாக் அவுல் நேர் எதிர், அது பகல் பறவை, நீளமான வால், மரத்தோட உச்சி நுனில கொடி நட்ட மாதிரி உக்காந்திருக்கும், அதுக்கு நீங்க விடியக்காலைல எழுந்திரிக்கவே வேணாம்.

இன்னொண்ணு, வண்டிய நிறுத்தினா இன்ஜினையும் ஆஃப் பண்ணுங்க. கிரேட் கிரே பனிக்கு அடில அரை மீட்டருக்கும் கீழ ஓடற எலிய காதால கேட்டுத்தான் பிடிக்குது. 2022ல வந்த ஒரு ஆய்வு, மனிட்டோபால பண்ணது, பனி சத்தத்தை வளைச்சு விடறதால தூரத்துலருந்து கேட்டா எலி இருக்கற இடம் கொஞ்சம் தள்ளித் தெரியும்னு சொல்லுது. அதனாலதான் இது நேரா பாயாம, எலிக்கு நேர் மேல வந்து அந்தரத்துல நின்னு கேட்டுட்டு அப்புறம் தொபுக்கடீர்னு தலைகீழா விழுது. அந்த நேரத்துல பக்கத்துல நம்ம டீசல் வண்டி உறுமிக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்.

மிசிசாகாலருந்து இங்க ஒரு நாள்ல முடியாது, மினியாபொலிஸ் ஃப்ளைட் புடிச்சு அங்கருந்து மூணு மணி நேரம் ஓட்டலாம். இந்தியன் பாஸ்போர்ட்னா அமெரிக்க விசா வேணும், அந்தப் பஞ்சாயத்து ஆந்தையை விடப் பெருசு.

600எம்எம்

எல்லாரும் நல்ல பிள்ளையா பேசறீங்க, நானும் கொஞ்சம் பேசிக்கறேன். லொகேஷன் போடாதேன்னு சொல்ற அதே ஆளுங்க தங்களுக்குள்ள வாட்ஸாப் குரூப் வச்சு பின் அனுப்பிக்கறாங்க, நான் அந்தக் குரூப்லயும் இருந்திருக்கேன். பழைய ஆளுக்கு எல்லாம் கிடைக்குது, புதுசா வர்றவனுக்கு மட்டும் நீதி போதனை. புதுசா வர்றவன் ஒரு தடவை கிரேட் கிரேயைக் கண்ணால பாத்தான்னா ஆயுசுக்கும் பறவைக்கு ஆதரவா நிப்பான், பாக்கவே விடலன்னா அவனுக்கு என்ன அக்கறை வரும்? ஸ்நோயியை உலக அளவுல 2017லயே அழிவாபத்து லிஸ்ட்ல ஏத்தியாச்சு, அதுக்குக் காரணம் கேமராக்காரனா? பருவநிலை, எலி விஷம், கார், கரண்ட் கம்பி, இதெல்லாம் விட்டுட்டு எங்களையே திட்டறீங்க.

பெட் ஷாப் எலி வாங்கிப் போட்டு ஆந்தையை லென்ஸ் பக்கம் பறக்க வைக்கறது மட்டும் எனக்கும் பிடிக்காது, அதைச் சொல்லிடறேன். அந்தப் படத்தப் பாத்தாலே தெரிஞ்சுடும், ஆந்தை நேரா கேமராவைப் பாத்து வரும், பின்னாடி பனில ஒரு பள்ளமும் இருக்காது.

கிங்ஸ்டன்ரோடு

600எம்எம், நீங்கள் சொல்லுறதில பாதி சரி. உள்ளுக்குள்ள பின் அனுப்புற ஆக்களை எனக்கும் தெரியும், அது அசிங்கம்தான். ஆனா அதுக்கு மருந்து எல்லாருக்கும் பின் அனுப்புறது இல்லையே. பத்துப்பேர் அறிஞ்ச இடத்தில பத்துக் கார் வரும், பத்தாயிரம் பேர் இருக்கிற குரூப்பில போட்டால் என்ன வரும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? கிரேட் கிரேக்கு மனுசரைக் கண்டு பயம் குறைவு, கிட்டப் போனாலும் பறக்காது, அதைச் சனம் "ஐயோ எவ்வளவு சாது" எண்டு நினைக்குது. அந்தப் பெரிய உடம்பு முழுக்க இறகுதான், நிறை ஒரு கிலோ சொச்சம், எங்கட கிரேட் ஹோர்ண்ட் ஆந்தை பாக்கச் சின்னன் ஆனா நிறை அதைவிடக் கூட. அந்த ஒரு கிலோவை வச்சுக்கொண்டு மைனஸ் முப்பதில இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்க வேணும்.

புதுசா வாற ஆளுக்கு வழி காட்டவேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. கூட்டிக்கொண்டு போங்கோ. பின் அனுப்பாமல் ஆளைக் காரில ஏத்திக்கொண்டு போய்க் காட்டினால் எப்பிடி நிக்கிறது, எங்க நிறுத்துறது எண்டும் பழகுவினம்.

600எம்எம்

அது சரி, கூட்டிட்டுப் போறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. மைனா, கிங்ஸ்டன் பக்கம் போறதா இருந்தா சொல்லுங்க, வண்டில இடம் இருக்கு, ஆனா பையன் லென்ஸைத் தொடக்கூடாது.

கோவை_கூகை

சம்பந்தம் இல்லாம உள்ள வர்றேன், மன்னிச்சுக்கங்க. இங்க கோயம்புத்தூர்ல உக்காந்து மைனஸ் முப்பதுன்னு படிக்கவே காது விறைக்குது. அங்க வர்ற ஆந்தைல எதாவது நம்ம பக்கமும் வருமா?

டுலூத்_குளிர்

ஸ்நோயி கனவுலயும் வராது. ஆனா ஷார்ட் இயர்ட் அவுல் உண்டு, அதே இனம்தான், சைபீரியா பக்கத்துலருந்து இந்தியாவுக்குக் குளிர்காலத்துல வருது, வுல்ஃப் ஐலண்ட்ல மைனா பாக்கப் போற அதே ஆந்தை. தரையிலதான் உக்காரும், புல்காடு, தரிசு நிலம், சாயங்காலம் அந்துப்பூச்சி மாதிரி அசைஞ்சு அசைஞ்சு தாழப் பறக்கும். தமிழ்நாட்டுல அரிதுதான், ஆனா உங்களுக்குப் பக்கத்துல பெரிய புல்வெளி இருந்தா மழை முடிஞ்சதும் பொழுது சாயற நேரம் போய் நில்லுங்க.

மிசிசாகா_மைனா

இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. கட்டத்துக்குள்ள நிலம் எப்படி இருக்குன்னு பாருங்கன்னு சொன்னது நல்லா உறைச்சுது, நேத்து ராத்திரி சாட்டிலைட் மேப்ல உக்காந்து வயலும் காடும் ஒட்டற ஓரமா தேடிக்கிட்டே இருந்தேன், வீட்டுல திட்டு. இந்த சனிக்கிழமை வுல்ஃப் ஐலண்ட் போலாம்னு இருக்கோம், 600எம்எம்க்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன். பனி மூடின வயல்ல வெள்ளை ஆந்தைய எப்படித்தான் கண்டுபிடிக்கறது, அதுவும் ஸ்கோப் இல்லாம? பக்கத்துல போய்ட்டோம்னு எப்படித் தெரியும்? பையனுக்கு என்ன வேலை குடுக்கறது?

டுலூத்_குளிர்

வெள்ளைய வெள்ளையா தேடாதீங்க. பனியோட பக்கத்துல வச்சுப் பாத்தா இள ஆந்தைக்கு கருப்புக் கோடு நிறைய இருக்கும், பெட்டைக்கும் கோடு உண்டு, அதனால அழுக்குப் பனிக்கட்டி மாதிரிதான் தெரியும். தூரத்துல எல்லா பனிக்கட்டியும், எல்லா ப்ளாஸ்டிக் பையும் ஆந்தைதான், வயலை ஒரு தடவை மெதுவா அளந்து பாத்துட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, தலை திரும்பினா ஆந்தை. வயலுக்கு நடுவுல இருக்கற மேடு, வைக்கோல் உருளை, ஹைட்ரோ போல்ங்கற கரண்ட் கம்பத்து உச்சி, கொட்டகைக் கூரை, இதைத்தான் முதல்ல பாக்கணும். பையனுக்கு கம்பம் எண்ணற வேலை குடுங்க, அவன் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம், சின்னப் பசங்க கண்ணு நம்மள விடக் கூர்மை.

தூரம் எவ்வளவுன்னு ஆந்தையே சொல்லும். கண்ணைப் பாதி மூடித் தூங்கி வழிஞ்சுட்டு இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். கண்ணை முழுசா தொறந்து உங்களையே பாத்து, உடம்பை ஒடுக்கி நிமிந்துச்சுன்னா நீங்க ஏற்கனவே கிட்ட வந்தாச்சு, அப்படியே பின்னாடி போயிருங்க. காரை விட்டு இறங்காம இருந்தா பெரும்பாலும் அந்த நிலைமையே வராது. ஃபோன்ல ஆந்தைச் சத்தம் போட்டுக் கூப்பிடற வேலை வேணவே வேணாம்.

கிங்ஸ்டன்ரோடு

நான் ரெண்டு விசயம் சொல்லிட்டுப் போறன். ரோட்டோரம் நிறுத்தேக்க பனிக்கு அடியில தண்ணி ஓடுற கான் இருக்கும், தெரியாது, ஒரு சில்லு இறங்கினால் டோ ட்ரக் வாறவரைக்கும் அங்கதான். நல்லா பனி வழிச்ச இடமாப் பாத்து நிறுத்துங்கோ, ஹசார்ட் லைற் போடுங்கோ, வேற ஆக்களின்ட ட்ரைவ்வேயை மறைக்காதேங்கோ. பனிக்குள்ள கனநேரம் நிண்டு ஹீட்டர் போடுறது எண்டால் புகை வாற குழாயைப் பனி அடைச்சிருக்கோ எண்டு ஒருக்கா இறங்கிப் பாருங்கோ, பிள்ளை இருக்கிற கார்.

மற்றது பைனாகுலரைக் கார் ஹீட்டருக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ, குளிரில இருந்து சூட்டுக்குள்ள கொண்டு வந்த உடன கண்ணாடியில ஈரம் படிஞ்சு மங்கிப் போகும். கமரா பற்றரி ரெண்டை உள்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ. சனிக்கிழமை ஃபெரிக்கு லைன் வரும், நேரத்தோட போங்கோ, திரும்பி வாற ஃபெரி எத்தினை மணிக்கு எண்டு போகேக்கையே பாத்து வையுங்கோ. காத்து பலமா அடிக்கும் எண்டு சொன்னால் ஞாயிறுக்கு மாத்துங்கோ, காத்துக்கு ஸ்நோயி பள்ளத்துக்குள்ள பதுங்கி இருக்கும், தலைகூடத் தெரியாது.